போய்வர யார் பணம்? வந்தபின் யார் துணை?

வேலை கற்றுக்கொள்ளக் கடல் கடந்தவர்களுக்கு எழுபது ஆண்டுகளாக ஏதோ ஒரு நாட்டின் கஜானா டிக்கெட் எடுத்துக் கொடுத்திருக்கிறது. அந்தப் பணம் எங்கே பலித்தது, எங்கே சர்டிஃபிகேட்டோடு நின்றது?

கொழும்பு காசல் வீதி மகளிர் வைத்தியசாலைக்கு 2007-க்குப் பிறகு, அதுவரை அந்தப் பக்கம் வந்திராத விருந்தாளிகள் வரத் தொடங்கினார்கள். தான்சானியா, உகாண்டா, கென்யா, மலாவி, செனகல் என்று ஆப்பிரிக்க நாடுகளின் மருத்துவமனை நிர்வாகிகள், சுகாதாரத் துறை அதிகாரிகள். பிரசவ அறையில் புது நுட்பம் எதையும் கற்க அவர்கள் வரவில்லை. அலமாரியில் சாமான் எப்படி அடுக்கியிருக்கிறது, தள்ளுவண்டி எங்கே நிற்கிறது, ஒரு நோயாளியின் ஃபைலைத் தேடி எடுக்க எவ்வளவு நேரமாகிறது என்று பார்க்க வந்தார்கள். அவர்களுக்குச் செலவு செய்தது இலங்கை அல்ல, அவர்களுடைய சொந்த அரசுகளும் அல்ல. ஜப்பான்.

2000-ஆம் ஆண்டில் அந்த வைத்தியசாலையின் பணிப்பாளராக இருந்தவர் டாக்டர் விமல் கரந்தகொட. ஜப்பானியத் தொழிற்சாலைகளில் புழங்கும் ‘5 எஸ்’ முறையை அவர் வார்டுகளுக்குள் கொண்டுவந்தார். முறை என்று சொல்கிறோமே தவிர, கேட்டால் நம் வீட்டுப் பாட்டி சொல்வது போலத்தான் இருக்கும்: வேண்டாததைக் கழி, வேண்டியதற்கு ஓர் இடம் வை, துடை, இதையே ஒழுங்காக்கு, பழக்கமாக்கு. ஆனால் அரசு மருத்துவமனையில் இதைச் செய்துகாட்டுவது லேசான காரியமில்லை. உடைந்த கட்டில், காலாவதியான மருந்து, கணக்கில் இருப்பதாலேயே தூக்கிப் போட முடியாத மேசை என்று பாதி இடத்தை ‘கண்டம்’ (உதவாது என்று எழுதிக் கழிப்பது) செய்யாத பொருட்களே அடைத்துக்கொண்டிருக்கும்.

5 எஸ் நடக்கும் வார்டுக்குள் நுழைந்தால் முதலில் கண்ணில் படுவது தரையில் அடித்த கோடுகள். சக்கர நாற்காலிக்கு ஒரு கட்டம், ஆக்ஸிஜன் சிலிண்டருக்கு ஒரு கட்டம். கட்டம் காலியாக இருந்தால் பொருள் வேறெங்கோ இருக்கிறது என்று யாரும் சொல்லாமலே தெரியும். அலமாரியில் வரிசையாக நிற்கும் பாக்ஸ் ஃபைல்களின் முதுகில், முதல் ஃபைலின் மேல் மூலையிலிருந்து கடைசி ஃபைலின் கீழ் மூலைவரை சாய்வாக ஒரே கோடு இழுத்திருப்பார்கள். ஒரு ஃபைலை இடம் மாற்றிச் செருகினால் கோடு உடையும். எழுதப் படிக்கத் தெரியாத ஊழியர்கூட அதைச் சரிசெய்துவிடலாம். இதற்கு ஆன செலவு ஒரு டேப், ஒரு டப்பா பெயின்ட். பணமில்லாத ஆப்பிரிக்க மருத்துவமனைக்கு டோக்கியோவின் பளபளப்பான ஆஸ்பத்திரியைக் காட்டுவதைவிட, இதே போலப் பணமில்லாத கொழும்பு ஆஸ்பத்திரியைக் காட்டுவது பயன் தரும் என்று ஜப்பானின் அரசு உதவி நிறுவனமான ஜைக்கா கண்டுகொண்டது. வந்தவர்கள் திரும்பிப் போய் ஆளுக்கொரு மருத்துவமனையை மாதிரியாக எடுத்துக்கொண்டார்கள். தான்சானியாவின் ம்பேயா மருத்துவமனை அப்படித் தொடங்கியவற்றில் ஒன்று. பிறகு அந்த நாட்டின் சுகாதார அமைச்சகமே நாடு முழுவதற்கும் வழிகாட்டு நூல் வெளியிட்டது.

வெளிநாட்டுப் பயிற்சி என்றாலே நம்மில் பலருக்கு ஓர் இளக்காரச் சிரிப்பு வரும். அதில் நியாயம் இல்லாமல் இல்லை. பத்து நாள் பயிற்சி, அதில் மூன்று நாள் ஊர் சுற்றல், கடைசி நாள் குரூப் போட்டோ, திரும்பி வந்ததும் வேறு துறைக்கு மாற்றல் என்ற கதையைக் கேள்விப்படாத அரசு அலுவலகம் உண்டா? ஆனால் காசல் வீதியில் நடந்ததும் அதே வகைப் பணத்தில் நடந்ததுதான். வித்தியாசம் எங்கே என்று தேடிப் போனால், கதை அமெரிக்காவில் தொடங்குகிறது.

ஆசிரியர், மாணவராக இருந்த காலம்

இரண்டாம் உலகப் போர் முடிந்ததும் ஐரோப்பாவுக்கு மார்ஷல் திட்டத்தில் அமெரிக்கா கொட்டிய பணத்தில் கோதுமையும் நிலக்கரியும் மட்டும் போகவில்லை. ஆட்கள் வருவதற்கும் அதில் பணம் இருந்தது. பிரிட்டனின் நிதியமைச்சர் ஸ்டாஃபோர்ட் கிரிப்ஸும் மார்ஷல் திட்டத்தின் நிர்வாகி பால் ஹாஃப்மனும் பேசி 1948-இல் ஆங்கில-அமெரிக்க உற்பத்தித்திறன் கவுன்சிலை அமைத்தார்கள். அடுத்த நான்கு ஆண்டுகளில் அறுபதுக்கும் மேற்பட்ட குழுக்கள் பிரிட்டனிலிருந்து கப்பலேறின. வார்ப்படத் தொழிலுக்கு ஒரு குழு, நூற்பாலைக்கு ஒரு குழு, கட்டடத் தொழிலுக்கு ஒரு குழு என்று போய், சில வாரங்கள் அமெரிக்க ஆலைகளைப் பார்த்து வந்தார்கள். ஒவ்வொரு குழுவிலும் மூன்று தரப்பு இருந்தது: நிர்வாகி, தொழில்நுட்ப ஆள், தொழிலாளி. திரும்பி வந்ததும் சேர்ந்து ஓர் அறிக்கை எழுத வேண்டும். அதை அச்சடித்து விற்றார்கள். போனவர்கள் தங்கள் தொழில் நடக்கும் ஊர்களில் கூட்டம் போட்டுப் பேசினார்கள்.

அதே ஏற்பாட்டை 1955-இல் ஜப்பான் எடுத்துக்கொண்டது. அந்த ஆண்டு தொடங்கிய ஜப்பான் உற்பத்தித்திறன் மையம் அமெரிக்க உதவியோடு குழுக்களை அனுப்பத் தொடங்கியது. முதலில் போனது உருக்குத் தொழில். அதே ஆண்டு, தோஷிபாவின் தலைவராக இருந்த தைசோ இஷிசாகா தலைமையில் பெரிய நிறுவனத் தலைவர்களின் குழு போனது. திரும்பி வந்த அவர் நிருபர்களிடம் அழுத்திச் சொன்னது இயந்திரங்களைப் பற்றி அல்ல, மார்க்கெட்டிங்கைப் பற்றி. ஜப்பானியத் தொழிலுலகில் அந்தச் சொல் புழக்கத்துக்கு வந்த கதையை எழுதுகிறவர்கள் இன்றும் அந்தப் பேட்டியிலிருந்துதான் தொடங்குகிறார்கள்.

போவதற்கு முன் அவர்கள் செய்துகொண்ட ஓர் ஏற்பாடு எனக்கு முக்கியமாகப் படுகிறது. உற்பத்தி பெருகினால் ஆள் குறைப்பு வரும் என்று தொழிற்சங்கங்கள் பயந்தன. பெரிய கூட்டமைப்பான சோஹ்யோ இந்த இயக்கத்தையே எதிர்த்தது. அதனால் மையம் 1955-லேயே மூன்று கொள்கைகளை வெளிப்படையாக அறிவித்தது: வேலை காப்பாற்றப்படும், நிர்வாகமும் தொழிலாளரும் கலந்து பேசியே எதையும் செய்வார்கள், கிடைக்கும் பலன் நிர்வாகம், தொழிலாளர், வாடிக்கையாளர் மூவருக்கும் நியாயமாகப் பங்கிடப்படும். இதன் பிறகு சோடோமெய் என்ற இன்னொரு கூட்டமைப்பு உள்ளே வந்தது. தொழிற்சங்கக்காரர்களும் குழுவாக அமெரிக்கா போனார்கள். பார்த்துவிட்டு வருகிறவர் சொல்வதைக் கேட்க ஊரில் ஆள் இருக்க வேண்டுமென்றால், வந்த சேதி யார் வயிற்றில் அடிக்கும் என்ற பயத்தை முதலில் தீர்க்க வேண்டும். அதை ஜப்பான் கிளம்புவதற்கு முன்பே தீர்க்கப் பார்த்தது.

அமெரிக்கா இதைத் தர்மத்துக்குச் செய்யவில்லை. பனிப்போர்க் காலம் அது. தோற்ற ஜப்பான் வறுமையில் கிடந்தால் சோவியத் பக்கம் சாய்ந்துவிடும் என்ற கணக்கு வாஷிங்டனுக்கு இருந்தது. பணம் கொடுக்கிறவருக்கு ஒரு கணக்கு இல்லாத பரிமாற்றத் திட்டம் உலகத்தில் இல்லை. கணக்கு இருப்பது குற்றமும் இல்லை. அது வாங்குகிறவரின் கணக்கோடு எங்கே பொருந்துகிறது என்பதுதான் பேச்சு.

இந்தியாவும் அப்போது சும்மா இருக்கவில்லை. 1956-இல் விக்ரம் சாராபாய் தலைமையில் ஓர் இந்தியக் குழு ஜப்பானுக்குப் போனது. விண்வெளிக்காக நாம் நினைவில் வைத்திருக்கும் அதே சாராபாய். அகமதாபாத் மில் குடும்பத்தில் பிறந்தவர், நூற்பாலை ஆராய்ச்சிச் சங்கத்தைக் கட்டியவர். அவர் குழு கொடுத்த அறிக்கையின் தொடர்ச்சியாக 1958-இல் தேசிய உற்பத்தித்திறன் கவுன்சில் வந்தது. 1961-இல் டோக்கியோவைத் தலைமையிடமாகக் கொண்டு ஆசிய உற்பத்தித்திறன் அமைப்பு தொடங்கியபோது இந்தியா அதன் நிறுவன உறுப்பினர்களில் ஒன்று. அமெரிக்காவிடம் ஜப்பான் பாடம் கேட்டுக்கொண்டிருந்த அதே வருஷங்களில், அந்த ஜப்பானிடம் நாம் பாடம் கேட்கப் போயிருக்கிறோம்.

ஆறு வாரம் மொழி, பிறகு ஆலை

1959-இல் ஜப்பானின் வாணிப, தொழில் அமைச்சகம் பின்னால் நின்று ஏ.ஓ.டி.எஸ். என்ற அமைப்பைத் தொடங்கிவைத்தது. வெளிநாட்டுத் தொழில்நுட்பப் பயிற்சியாளர்களுக்கு உதவித்தொகை தருவது அதன் வேலை. இதில் இன்னொரு மனிதரின் கை உண்டு: கோஇச்சி ஹோசுமி. டோக்கியோவில் மாணவர் விடுதி நடத்திக்கொண்டிருந்தவர். ஆசிய நாடுகளிலிருந்து வரும் இளைஞர்களும் ஜப்பானிய இளைஞர்களும் ஒரே கூரையின் கீழ் தங்க வேண்டும் என்று விரும்பியவர். ஆசியாவை ஜப்பான் மேலிருந்து பார்க்கக்கூடாது என்பது அவர் கட்சி. 1960-இல் திறந்த ஆசிய பண்பாட்டு இல்லம், சுருக்கமாக ஏ.பி.கே., அந்த எண்ணத்தில் எழுந்தது. அதிகாரியின் ஏற்றுமதிக் கணக்கும் விடுதிக்காரரின் நட்புக் கணக்கும் ஒரே நிறுவனத்தில் சந்தித்தன. பயிற்சி பெற்றவர் ஊர் திரும்பினால் ஜப்பானிய இயந்திரத்துக்குத்தான் ஆர்டர் கொடுப்பார் என்று அமைச்சகம் நினைத்திருக்கும். அது நடக்கவும் செய்தது.

திட்டத்தின் அமைப்பு எளிமையானது. ஜப்பானிய நிறுவனம் ஒன்று, தன் வெளிநாட்டுக் கூட்டாளி நிறுவனத்திலோ கிளையிலோ வேலை பார்க்கும் ஆளைப் பயிற்சிக்கு அழைக்கிறது. செலவில் ஒரு பகுதியை அரசு தன் வெளிநாட்டு உதவி நிதியிலிருந்து தருகிறது, மீதியை அந்த நிறுவனம் போட வேண்டும். சிறிய நிறுவனத்துக்கு அரசின் பங்கு கூடுதல், பெரிய நிறுவனத்துக்குக் குறைவு. போனவர் நேராக ஆலைக்குள் நுழைய மாட்டார். முதலில் பயிற்சி இல்லத்தில் ஆறு வாரம், சிலருக்கு பதின்மூன்று வாரம், ஜப்பானிய மொழியும் நடைமுறையும் படிக்க வேண்டும். ஸ்பேனரைக் கொடு, இங்கே அழுத்தாதே, இன்னொரு முறை சொல்லுங்கள் என்கிற அளவுக்காவது வாய் பழகிய பிறகுதான் ஷாப் ஃப்ளோர். மொழிக்கு இத்தனை வாரம் செலவழிப்பதை ஆரம்பத்தில் வீண் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ஜப்பானிய ஆலையில் விஷயம் தெரிந்தவர் மேனேஜர் அல்ல, இருபது வருஷமாக அதே மெஷினில் நிற்கும் ஃபோர்மேன். அவருக்கு இங்கிலீஷ் வராது.

நிறுவனமும் காசு போட வேண்டும் என்ற விதிக்கு ஒரு நல்ல பலன் உண்டு. தன் பணமும் இருப்பதால் யாரை அழைக்கிறோம், என்ன கற்றுக்கொடுக்கிறோம் என்று அது பார்க்கும். முழுக்க இலவசமாக வரும் பயிற்சியில் ‘யாராவது போங்கப்பா’ என்று ஆள் பிடிப்பார்கள். நாம் எல்லோரும் அப்படி ஒரு பயிற்சி வகுப்பில் உட்கார்ந்திருக்கிறோம்.

ஆனால் உண்மையான புத்திசாலித்தனம் அடுத்த கட்டத்தில் இருக்கிறது. திரும்பிப் போனவர்கள் அந்தந்த ஊரில் முன்னாள் பயிற்சியாளர் சங்கம் தொடங்கினார்கள். டோசோகாய் என்று அதற்குப் பெயர். சென்னை நெல்சன் மாணிக்கம் சாலையில் இருக்கும் ஏ.பி.கே.-ஏ.ஓ.டி.எஸ். டோசோகாய் தமிழ்நாடு மையம் அப்படிப் பிறந்தது. இன்று சென்னைப் பிள்ளைகள் பலருக்கு அது ஜப்பானிய மொழிப் பள்ளியாகத்தான் தெரியும். ஜே.எல்.பி.டி. என்ற ஜப்பானிய மொழித் தேர்வு எழுத ஹால் டிக்கெட்டோடு நிற்கும் கூட்டத்தில் பாதிப் பேருக்கு, எப்போதோ உதவித்தொகையில் போய் வந்த சில இன்ஜினியர்கள் கூடித் தொடங்கியது இது என்பது தெரிந்திருக்க நியாயமில்லை. இலங்கையில் ஜாஸ்டெக்கா என்ற சங்கம் இதே வகை. தைகி அகிமோட்டோவின் பெயரில் அது வழங்கும் 5 எஸ் விருதுக்குத் தொழிற்சாலை, வங்கி, பள்ளிக்கூடம் என்று பலரும் போட்டி போடுகிறார்கள். காசல் வீதி மட்டும் தனியாக முளைத்த அதிசயம் அல்ல. அந்த ஊரில் ஏற்கனவே 5 எஸ் பற்றிப் பேசவும் சோதிக்கவும் பாராட்டவும் ஆட்கள் இருந்தார்கள்.

ஏ.ஓ.டி.எஸ். அமைப்பே 2012-இல் வேறோர் அமைப்போடு இணைந்து பெயர் மாறியது. 2017-இல் பழைய சுருக்கப் பெயருக்கே திரும்பியது. அதிகாரிகள் பெயர்ப் பலகையை மாற்றிக்கொண்டிருந்தபோதும் ஊர்களில் இருந்த சங்கங்கள் தம் பாட்டுக்கு நடந்தன.

பாடியில் நடந்தது

தமிழ்நாட்டில் ஜப்பான் தொடர்பு என்றால் 1998-ஐச் சொல்லாமல் இருக்க முடியாது. சென்னை பாடியில் இருந்த சுந்தரம்-கிளேட்டன் நிறுவனத்தின் பிரேக் பிரிவு அந்த ஆண்டு தர நிர்வாகத்துக்கான டெமிங் பரிசு வாங்கியது. இந்தியாவில் அதுவரை யாரும் வாங்கியதில்லை. 2001-இல் சுந்தரம் பிரேக் லைனிங்ஸ், 2002-இல் டி.வி.எஸ். மோட்டார், 2003-இல் பிரேக்ஸ் இந்தியாவின் வார்ப்பட ஆலையும் ரானே பிரேக் லைனிங்ஸும், 2004-இல் லூகாஸ்-டி.வி.எஸ். என்று வரிசையாக வந்தது. யோஷிகாஸு சுடா, யாசுதோஷி வாஷியோ போன்ற ஜப்பானியப் பேராசிரியர்கள் வருஷக்கணக்கில் இங்கே வந்துபோய், மெஷின் பக்கத்தில் நின்று கேள்வி கேட்டார்கள். பரிசின் பெயரும் ஒரு பரிமாற்றக் கதைதான். 1950-இல் ஜப்பானுக்குப் பாடம் நடத்தப் போன அமெரிக்கப் புள்ளியியலாளர் டபிள்யூ. எட்வர்ட்ஸ் டெமிங், தன் சொற்பொழிவு நூலின் ராயல்டியை வேண்டாம் என்று விட்டுக்கொடுத்தார். அந்தப் பணத்தில் 1951-இல் தொடங்கிய பரிசு அது.

இந்தப் பரிசுகள் உதவித்தொகையால் வந்தன என்று சொன்னால் அது மிகை. அந்த நிறுவனங்கள் சொந்தக் காசைப் போட்டன, சொந்தப் பிடிவாதத்தில் வென்றன. பெரிய குழுமங்களுக்கு ஜப்பானியப் பேராசிரியரை வரவழைக்கும் வசதி இருந்தது. அந்த வசதி அவர்களுக்கு உதிரிபாகம் கொடுக்கும் அம்பத்தூர் பட்டறைக்கு இல்லை. பட்டறைக்குப் போய்ச் சேர்ந்தது வேறு வழியில்: வாங்குகிற நிறுவனம் ‘உன் ரிஜெக்‌ஷனைக் குறை’ என்று நெருக்கியது, சங்கங்கள் பத்துப் பன்னிரண்டு பட்டறைகளைச் சேர்த்துக் குழுவாக்கிக் கற்றுக்கொடுத்தன. பொதுப்பணம் இறங்க வேண்டிய இடம் அதுதான். பேராசிரியரை அழைக்கும் வசதி உள்ளவருக்கு அரசு டிக்கெட் எடுத்துக் கொடுக்கத் தேவையில்லை.

2007-இல் ஜைக்கா உதவியோடு தொடங்கிய வி.எல்.எஃப்.எம். என்ற உற்பத்தித் துறைத் தலைவர்களுக்கான பயிற்சி இதை ஓரளவு புரிந்துகொண்டது. சென்னை ஐ.ஐ.டி., கான்பூர் ஐ.ஐ.டி., கொல்கத்தா ஐ.ஐ.எம். மூன்றும், தொழில் நிறுவனங்களின் கூட்டமைப்பான சி.ஐ.ஐ.யும் சேர்ந்து நடத்தின. அதை வழிநடத்திய ஜப்பானியப் பேராசிரியர் ஷோஜி ஷிபா, ஜப்பானுக்கு எல்லோரையும் கூட்டிக்கொண்டு போவதைவிட இங்கேயே தங்கிக் கற்றுக்கொடுப்பதில் அதிக நாட்டம் காட்டினார். பெரிய நிறுவனமும் அதற்குச் சப்ளை செய்யும் சின்ன நிறுவனங்களும் ஒன்றாக உட்காரும் வகுப்புகள் அதிலிருந்து கிளைத்தன. 2012-இல் இந்திய அரசு அவருக்கு பத்மஸ்ரீ கொடுத்தது.

அதே நாடு, இன்னொரு முகம்

ஜப்பானைப் புகழ்வதோடு நிறுத்திக்கொண்டால் பாதிக் கதை. 1993-இல் அதே ஜப்பான் தொழில்நுட்பப் பயிற்சிப் பணித் திட்டம் ஒன்றைத் தொடங்கியது. காகிதத்தில் அதன் நோக்கமும் வளரும் நாடுகளுக்குத் தொழில்திறனைக் கொண்டுசேர்ப்பதுதான். நடைமுறையில் ஜப்பானின் ஆள் பற்றாக்குறையைச் சமாளிக்கும் வழியாக அது மாறியது. வியட்நாம், சீனா, பிலிப்பைன்ஸ், இந்தோனேசியா இளைஞர்கள் தரகருக்குக் கடன்பட்டுப் போனார்கள். வயலிலும் மீன் பதனிடும் கூடத்திலும் தையல் பட்டறையிலும் நின்றார்கள். முதலாளி எப்படிப்பட்டவராக இருந்தாலும் வேறிடம் மாறக்கூடாது என்பது விதி. ஆயிரக்கணக்கானோர் சொல்லாமல் கொள்ளாமல் ஓடிப்போனார்கள். சம்பள மோசடி, அடி உதை, பாஸ்போர்ட்டைப் பிடுங்கி வைப்பது என்று புகார்கள் குவிந்தன. இந்தியாவும் 2017-இல் இந்தத் திட்டத்தில் கையெழுத்திட்டது. கடைசியில் ஜப்பான் நாடாளுமன்றமே 2024-இல் இதை மூடிவிட்டு வேறொரு முறை கொண்டுவரச் சட்டம் நிறைவேற்றியது. 2027-இல் அது நடைமுறைக்கு வருகிறது. புதிய முறை திறன் ஏற்றுமதி என்ற பேச்சை விட்டுவிட்டு, ஆள் வேண்டும் என்பதை ஓரளவு நேராகவே சொல்கிறது.

இரண்டு திட்டங்களையும் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். ஒன்றில் போகிறவருக்கு ஊரில் ஒரு வேலை காத்திருக்கிறது, கற்றதை இறக்கிவைக்க ஓர் இடம் இருக்கிறது. இன்னொன்றில் மீன் வெட்டக் கற்றவர், தன் ஊரில் அந்தத் தொழிலே இல்லாத இடத்துக்குத் திரும்புகிறார். அவர் சம்பாதித்த பணம் குடும்பத்துக்கு உதவியிருக்கும், வீடு கட்டியிருப்பார். அது கூலி, அதற்குரிய மதிப்பு அதற்கு உண்டு. அதைப் பயிற்சி என்று சொல்லிக் கூலியைக் குறைத்ததுதான் அநியாயம்.

நாம் கொடுக்கும் இடத்தில்

இந்தியா வாங்குகிற நாடு மட்டுமல்ல. 1964 செப்டம்பர் 15 அன்று மத்திய அமைச்சரவை ஒப்புதலோடு தொடங்கிய ஐடெக் திட்டத்தில், ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க நாடுகளிலிருந்து அதிகாரிகளும் தொழில் வல்லுநர்களும் இங்கே பயிற்சிக்கு வருகிறார்கள். விமானக் கட்டணம், தங்குமிடம், கைச்செலவு எல்லாம் இந்திய அரசுடையது. பள்ளிக்கரணையில் இருக்கும் தேசியக் காற்றாலை நிறுவனத்தில் இத்தகைய வகுப்புகள் நடக்கின்றன. முப்பந்தலிலும் கயத்தாறிலும் சுழலும் காற்றாலைகளை நாம் ரயில் ஜன்னலில் பார்த்துவிட்டுப் போகிறோம். அதைப் பார்த்துக் கற்க ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறார்கள்.

ஐடெக்கில் அதிகம் பேசப்பட்டது ராஜஸ்தானின் திலோனியா கிராமம். பேர்ஃபுட் காலேஜ் என்ற தொண்டு நிறுவனம் அங்கே ஆப்பிரிக்கக் கிராமத்துப் பெண்களை, பெரும்பாலும் பள்ளி பார்க்காத நடுவயதுத் தாய்மாரையும் பாட்டிமாரையும், ஆறு மாதம் வைத்து சோலார் விளக்கு அமைக்கக் கற்றுக்கொடுத்தது. பொதுமொழி கிடையாது. நிறத்தாலும் சைகையாலும் சர்க்யூட் போர்டு பற்றவைக்கப் படித்தார்கள். ஏன் பாட்டிமார்? இளைஞர்களுக்குச் சர்டிஃபிகேட் கிடைத்ததும் நகரத்துக்குக் கிளம்பிவிடுவார்கள், பாட்டி ஊரை விட்டுப் போக மாட்டார் என்பது நிறுவனர் பங்கர் ராய் சொன்ன காரணம். அனுப்பும்போதே திரும்புவதைப் பற்றி யோசித்த ஆள் அவர். ஆனாலும் ஒரு சிக்கல் இருந்தது. பயணத்துக்கும் பயிற்சிக்கும் இந்தியா பணம் கொடுத்தது. கிராமத்துக்கு வேண்டிய பேனல், பேட்டரி, விளக்குகளுக்கு வேறு கொடையாளர் வேண்டும். பெண் ஊர் போய்ச் சேரும் நேரத்தில் பெட்டி துறைமுகத்தில் கிடந்தால், ஆறு மாதம் கற்ற கை மறந்துபோகும். பேட்டரி சில வருஷத்தில் ஓயும்போது புது பேட்டரிக்குப் பணம் எங்கே என்ற கேள்வி அதற்கும் பிறகு வரும்.

அடையாறில் இருக்கும் மத்தியத் தோல் ஆராய்ச்சி நிறுவனமான சி.எல்.ஆர்.ஐ. இன்னொரு வழியைக் காட்டுகிறது. எத்தியோப்பியா பச்சைத்தோலையும் பாதி பதனிட்ட தோலையும் அப்படியே விற்கக்கூடாது என்று கடும் ஏற்றுமதி வரி போட்டது. அப்படிப் போட்டால் தோலை முழுதாக முடித்து, செருப்பும் பையுமாக்கத் தெரிந்திருக்க வேண்டுமே? 1970-களில் இந்தியா இதே கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தபோது ஆம்பூர், வாணியம்பாடி, இராணிப்பேட்டைத் தோல்காரர்கள் தவித்துக் கற்ற பாடம் அது. 2010-களின் தொடக்கத்தில் அடிஸ் அபாபாவில் இருக்கும் எத்தியோப்பியத் தோல் தொழில் நிறுவனமும் சி.எல்.ஆர்.ஐ.யும் இரட்டை நிறுவனங்களாகக் கைகோத்தன. இங்கிருந்து விஞ்ஞானிகள் அங்கே போய்த் தங்கினார்கள், அங்கிருந்து இளைஞர்கள் இங்கே வந்து படித்தார்கள். தனி ஆளைக் கூப்பிட்டு அனுப்புவதைவிட இது மெதுவான வேலை, செலவும் அதிகம். ஆனால் ஒருவர் வேலையை விட்டுப் போனாலும் லேப் அங்கேயே இருக்கும்.

இரண்டாவது டிக்கெட்

அமெரிக்க வெளியுறவுத் துறையின் தொழில்முறைப் பரிமாற்றத் திட்டம் ஒன்றில், வெளிநாட்டுக்காரர் அமெரிக்க அலுவலகம் ஒன்றில் சில வாரம் கூட இருந்து வேலை பார்ப்பார். பிறகு அவரை வரவேற்ற அமெரிக்கர்களில் சிலர் அவர் ஊருக்குப் போவார்கள். மானியம் வாங்கி நடத்தும் அமைப்பு இரண்டு பக்கப் பயணத்துக்கும் திட்டம் போட வேண்டியிருந்தது. யோசனை நல்ல யோசனை: ஊருக்கு வந்து பார்த்த பிறகுதான், ‘இவருக்கு நாம் சொன்னது எதுவும் இங்கே பொருந்தாது போலிருக்கிறதே’ என்று புரியும். ஆனால் 2025 பிப்ரவரியில் அந்தத் துறை தன் பரிமாற்றத் திட்டங்களுக்கான நிதியைத் திடீரென்று நிறுத்திவைத்தது. பல நாடுகளில் பயிற்சியாளர்கள் பாதி வழியில் தவித்தார்கள். ஒரே நாட்டின் கஜானாவை நம்பிய ஏற்பாட்டுக்கு இந்த ஆபத்து எப்போதும் உண்டு. சென்னையிலும் கொழும்பிலும் டோசோகாய்கள் வகுப்புக் கட்டணம், உறுப்பினர் சந்தா என்று சொந்தக் காலில் நிற்கக் கற்றதன் அருமை இப்போது தெரிகிறது.

நம் ஊருக்கு வருவோம். அம்பத்தூர், கோவை, ஓசூர் பட்டறை முதலாளிகளிடம் வெளிநாட்டுப் பயிற்சி என்று சொன்னால் பெரும்பாலும் கிளம்புவது முதலாளியின் மகன் அல்லது இங்கிலீஷ் பேசும் மேனேஜர். அதில் கஞ்சத்தனமோ சுயநலமோ மட்டும் இல்லை. நல்ல லேத் ஆபரேட்டரை ஆறு வாரம் அனுப்பினால் அந்த மெஷின் நிற்கும், டெலிவரி தவறும். போய் வந்தவர் பக்கத்துப் பட்டறையில் கூடுதல் சம்பளத்துக்குத் தாவினால், எழுதி வாங்கிய பாண்டைத் தூக்கிக்கொண்டு கோர்ட்டுக்கு அலைவது ஆகிற காரியமில்லை என்பது முதலாளிக்கும் தெரியும், ஆபரேட்டருக்கும் தெரியும். மத்திய சிறுதொழில் அமைச்சகத்தின் சர்வதேச ஒத்துழைப்புத் திட்டத்தில் வெளிநாட்டுப் பயணத்துக்கு உதவி கிடைக்கிறது. ஆனால் அது பெரும்பாலும் கண்காட்சிக்கும் வியாபாரச் சந்திப்புக்கும் போகிறவர்களுக்கு. ஸ்டால் வாடகைக்கும் விமானக் கட்டணத்துக்கும் பணம் இருக்கிறது. ஒரு ஃபோர்மேன் ஒசாகாவில் இன்னொரு ஃபோர்மேனின் பக்கத்தில் ஒரு மாதம் நிற்பதற்கு அதில் பத்தி இல்லை.

பிரிட்டன் அன்று பல தரப்பையும் சேர்த்து அனுப்பியது போல, நாமும் முடிவெடுப்பவர் ஒருவர், கையால் செய்பவர் ஒருவர் என்று ஜோடியாக அனுப்பலாம். திரும்பி வந்தவர்கள் தங்கள் பட்டறையோடு நிறுத்தாமல், அந்தத் தொழிற்பேட்டையில் உள்ள பத்துப் பட்டறைகளுக்கு ஒரு வருஷம் மாதமொரு முறை காட்டிக்கொடுக்க வேண்டும் என்று மானிய விதியிலேயே எழுதலாம். அப்படி எழுதினால் ஆபரேட்டர் வேறு பட்டறைக்குத் தாவினாலும் வித்தை பேட்டைக்குள்தான் இருக்கும். அதற்கு மேல் ஒரு செலவும் இருக்கிறது, மேலே சொன்ன திட்டங்களின் பட்டியலில் அது கண்ணில் படவில்லை: ஆபரேட்டர் ஊரில் இல்லாத ஆறு வாரமும் அந்த லேத்தை ஓட்டப் போகும் தற்காலிக ஆளின் கூலி. அதைக் கொடுக்க யாராவது முன்வந்தால், மகனை அனுப்ப நினைத்திருந்த முதலாளி மறுபடி ஒரு தடவை யோசிப்பார்.